குடியை விட்டபின் மாலை 6 முதல் 10 வரை: எந்தப் பொழுதுபோக்கு நிற்கும், எது ஏன் பாதியில் விழும்?

#1 | நாட்குறிப்பு (இழையைத் தொடங்கியவர்)

குடியை எப்படி நிறுத்துவது என்பதற்குத் தனி இழைகள் இருக்கின்றன. இங்கே பேச வேண்டியது நிறுத்தியபின் கையில் வந்து விழும் நேரத்தைப் பற்றி மட்டும். தினமும் 4 மணி நேரம் சரக்கோடு போய்க்கொண்டிருந்தவருக்கு வாரத்தில் 28 மணி நேரம் காலியாகிறது. பரணிலிருந்து கிடாரையோ கேரம் போர்டையோ இறக்குகிறார். பத்து நிமிடம் கழித்து எழுந்துவிடுகிறார். கேட்டால் ஒரே பதில்: "சப்புன்னு இருக்கு."

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் "எனக்கு எது பிடிக்கும்?" என்று ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அந்த நேரத்தில் விடையே கிடைக்காது, ஏனென்றால் அப்போது எதுவுமே பிடிக்காது. முதலில் மணியைப் பார்க்க வேண்டும். முதல் கிளாஸ் எத்தனை மணிக்கு? அந்த மணிக்குக் கால் மணி நேரம் முன்பே கைகள் வேறொரு வேலையில் இறங்கியிருக்க வேண்டும். அந்த மணிக்குப் பொருந்தாத பொழுதுபோக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்கு இரண்டாம் இடம்தான்.

சொந்தக் கதை வேண்டாம். எவ்வளவு நேரம், என்ன சாமான், எங்கே சொதப்பும், ஏன் சொதப்பும். இவ்வளவு போதும்.

#2 | வார்டுசெவிலி

பொழுதுபோக்குக்குப் போகுமுன் ஒரு விஷயம். பல மாதங்களாகத் தினமும் அதிகமாகக் குடித்தவர் மருத்துவரைப் பார்க்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. கடைசிக் குடிக்குப் பிறகு 6 மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் பதற்றமும் தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். உடம்பெல்லாம் நடுங்கி, ஆள் இடம் தெரியாமல், இல்லாதது கண்ணில் தெரியும் கடுமையான நிலை 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வரலாம். அது உயிரையே எடுக்கக்கூடியது. மருத்துவமனையில் இதற்கு மருந்து உண்டு. கூடவே வைட்டமின் பி1 கொடுப்பார்கள்.

ஆகவே முதல் இரண்டு வாரம் ஏணி, நீச்சல், பரபரப்பான சாலையில் சைக்கிள், மின்ரம்பம் எதுவும் வேண்டாம். வலிப்பு அபாயம் ஒரு காரணம். கால் தடுமாற்றமும் தூக்கக் கலக்கமும் இன்னொரு காரணம்.

இனி அந்தச் "சப்"புக்கு வருகிறேன். மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருளை மது திரும்பத் திரும்ப ஏற்றிவிடுகிறது. நெடுநாள் குடித்தவர்களின் மூளையில் அதை ஏற்கும் டி2 ஏற்பிகள் குறைவாக இருப்பது பெட் ஸ்கேன் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சாதாரண சந்தோஷங்கள் தரும் சிறிய அளவு அங்கே சரியாகப் பதிவாவதில்லை. மீட்சி மெதுவாகத்தான் நடக்கும், சிலருக்கு மாதக்கணக்கில். எனவே முதல் மாதத்தில் ஒரு பொழுதுபோக்கைப் "பிடிக்கவில்லை" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். அந்தத் தீர்ப்பு கிடாரைப் பற்றியதாக இருக்காது, அன்றைய மூளையின் நிலையைப் பற்றியதாக இருக்கும்.

தூக்கமும் இதே கதை. மது சீக்கிரம் தூங்கவைக்கும், பின்னிரவில் கலைக்கும், கனவுத் தூக்கத்தை அமுக்கும். நிறுத்தியதும் அமுங்கிக் கிடந்தது மேலே கிளம்பும்: விசித்திரமான கனவுகள், நள்ளிரவு விழிப்பு. சில வாரம் இருக்கும். அந்தப் பருவத்தில் ராத்திரி 11 மணிக்கு மேல் போகும் எந்தப் பொழுதுபோக்கும் மறுநாள் மாலையைக் கெடுத்துவிடும்.

#3 | பதினாறாம்பக்கம்

செவிலி அக்கா சொன்னதன் தொடர்ச்சி. விருப்பம் வந்ததும் செய்யலாம் என்று காத்திருப்பவருக்கு விருப்பம் வராது. செய்யச் செய்யத்தான் வரும். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் 1970-களில் உளவியலாளர் பீட்டர் லூயின்சன் இந்த வழியில்தான் போனார். மனதுக்கு இதமான 320 செயல்களை அவரும் சக ஆய்வாளரும் பட்டியலிட்டு, எதை எத்தனை முறை செய்கிறார், எவ்வளவு இதமாக இருந்தது என்று குறிக்கவைத்தார்கள். குடிக்கென்றே ஹன்ட்டும் அஸ்ரினும் 1973-இல் வெளியிட்ட சமூக வலுவூட்டல் முறையும் அதே திசைதான்: குடி இல்லாத வாழ்க்கை குடியைவிட லாபமாகத் தெரியும்படி வேலை, குடும்பம், பொழுதுபோக்கு மூன்றையும் திட்டமிட்டு மாற்றுவது.

வீட்டில் செய்ய அரைத்தாள் போதும். நான்கு பத்தி: நாளும் மணியும், என்ன செய்யப்போகிறேன், செய்யுமுன் எதிர்பார்க்கும் இன்பம் 0 முதல் 10, செய்தபின் உண்மையில் இருந்தது 0 முதல் 10. "முடித்துவிட்டேன்" என்ற திருப்திக்கு ஐந்தாவது பத்தி வைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் தொடக்கத்தில் இன்பத்தைவிடத் திருப்திதான் சீக்கிரம் ஏறும்.

இரண்டு வாரத் தாளைச் சேர்த்துப் பாருங்கள். பலருக்கு எதிர்பார்ப்பு 1, உண்மை 3 என்று வரும். 3 ஒன்றும் பெரிய மார்க் இல்லைதான். ஆனால் உட்காருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அந்த 1-ஐ வைத்து; அந்த 1 நம்பத்தகுந்தது இல்லை என்பதற்குத் தாளில் சாட்சி இருக்கும்.

சொதப்பும் இடங்கள்:

அளவு. "தினமும் ஒரு மணி நேரம்" என்று எழுதுகிறார்கள். 12 நிமிடம் என்று எழுதுங்கள், டைமர் வையுங்கள், மணி அடித்ததும் நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் நிறுத்துங்கள். மிச்சம் வைத்து எழுந்தால் மறுநாள் உட்காருவது எளிது.

தாமதமாக எழுதுவது. மறுநாள் காலையில் யோசித்து மார்க் போட்டால் எல்லாம் 2 ஆகிவிடும். முடித்த கையோடு போட வேண்டும்.

ஒப்பீடு. மூன்றாவது பெக்கின் கிறுகிறுப்பை 10 என்று வைத்துக்கொண்டால் எதுவுமே 4-ஐத் தாண்டாது. சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது 0. அங்கிருந்து எண்ணுங்கள்.

#4 | சும்மாஇருப்பவன்

மார்க் போட்டுப் பொழுதுபோக்கா? பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறதே. ரசிப்பதை அளந்தால் ரசனை போய்விடாதா?

#5 | பதினாறாம்பக்கம்

போகும். அதனால்தான் ஆறு வாரத்தோடு தாளில் மார்க் போடுவதை நிறுத்திவிடச் சொல்கிறேன். எலும்பு கூடும்வரை மாவுக்கட்டு போடுவது மாதிரி. கூடியபின் கட்டோடு திரிய வேண்டியதில்லை.

#6 | மண்புழு

மாலை 6 மணிக்குப் பொருந்துவது, சீக்கிரம் பலன் காட்டுவது, சாமான் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்தது என்றால் நுண்கீரை (மைக்ரோகிரீன்ஸ்), அதாவது முளைத்த சில நாளிலேயே வெட்டும் இளங்கீரை. ரோஜா வளர்க்கிறேன் என்று ஆரம்பிக்க வேண்டாம். மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை இப்போது இருக்காது. முள்ளங்கி விதை 2 முதல் 4 நாளில் முளைக்கும், 7 முதல் 10 நாளில் வெட்டலாம்.

அடியில் துளை உள்ள ஆழமில்லாத தட்டு ஒன்று. அதை உட்கார வைக்கத் துளையில்லாத தட்டு ஒன்று. 3 செ.மீ. உயரத்துக்குத் தென்னை நார்க்கழிவோ சலித்த மண்ணோ. விதையை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நெருக்கமாகத் தூவி, நீர் தெளித்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, சின்ன கனம் வையுங்கள். 2 அல்லது 3 நாள் இருட்டு. கனம் வைத்தால் வேர் மண்ணுக்குள் இறங்கும், தண்டு உரமாக வரும். பிறகு வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். வித்திலை (விதையிலிருந்து முதலில் வரும் இலை) விரிந்ததும் கத்தரிக்கோலால் மண்ணுக்குச் சற்று மேலே வெட்டலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நமக்கு வேலை தேவைப்படுவது மாலையில். ஆனால் மாலையில் தலையில் தண்ணீர் தெளித்தால் இரவெல்லாம் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும், தண்டு அடியில் அழுகிச் சாயும். எனவே மேலே தெளிப்பது முளைக்கும்வரை மட்டும். அதன்பின் கீழ்த்தட்டில் அரை செ.மீ. தண்ணீர் ஊற்றி 20 நிமிடம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். அந்த 20 நிமிடத்தில் அடுத்த தட்டை விதைக்கலாம். 3 நாளுக்கு ஒரு தட்டு என்று வரிசையாக விதைத்தால் தினமும் ஏதோ ஒன்று முளைக்கும், ஏதோ ஒன்று வெட்டத் தயாராகும். ஒரே தட்டு வைத்தவருக்கு நான்காம் நாள் செய்ய வேலை இருக்காது. விழுவது அங்கேதான்.

நாற்று பிடுங்கி நடுவதும் மாலைக்கு ஏற்ற வேலை. வெயில் தணிந்தபின் நட்டால் செடி வாடாது. தொட்டி மாற்றுவதையெல்லாம் அந்த நேரத்துக்கே ஒதுக்குங்கள்.

#7 | ஆறாம்தந்தி

கிடாரைப் பற்றி இரண்டு சொல்லியாக வேண்டும்.

முதலாவது, குடித்துக்கொண்டே வாசித்துப் பழகியவர் குடிக்காமல் வாசித்தால் விரல் அந்நியமாக இருப்பது கற்பனை இல்லை. ஒரு நிலையில் கற்றதை அதே நிலையில் மனம் சுலபமாக எடுக்கும். குட்வின் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1969-இல் மதுவை வைத்தே மனிதர்களிடம் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஆகவே பழைய பாட்டைப் பழையபடி மீட்க முயல வேண்டாம். தெரியாத புதிய பாடத்தைத் தெளிந்த தலையோடு முதலிலிருந்து கற்றுக்கொள்வது சுலபம். அது தெளிந்த நிலையிலேயே பதியும். பழைய பாட்டு பிறகு தானாக வரும்.

இரண்டாவது, போதையில் தன் வாசிப்பு நன்றாக இருப்பதாகத் தோன்றும். தெளிந்தபின் தாளம் இடறுவது காதில் விழும். "குடித்தால்தான் நன்றாக வாசிக்கிறேன்" என்ற முடிவுக்கு வருவது இதனால்தான். பழைய ஒலிப்பதிவு இருந்தால் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் கருவியைப் பாருங்கள். பரணில் கிடந்த கிடாரின் தந்தி துருப்பிடித்து மந்தமாக ஒலிக்கும், கழுத்து வளைந்திருக்கும். 12-ஆம் கட்டையில் (ஃப்ரெட், கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) தடித்த தந்திக்கும் கட்டைக்கும் இடைவெளியை அளந்து பாருங்கள். 2 முதல் 2.5 மி.மீ. சரி. 4 மி.மீ. இருந்தால் யார் வாசித்தாலும் விரல் வலிக்கும், சரியாக அமுங்காத தந்தி கரகரக்கும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்து, 0.010 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய தந்தி போடுங்கள். விரல்நுனி காய்ப்பு ஏற 2 முதல் 4 வாரம் ஆகும். கிடார் கோளாறைத் தன் கோளாறு என்று நினைத்துக் கைவிட்டவர்கள் ஏராளம்.

கை நடுங்கும் நாட்களில் விரலால் மீட்டும் நுட்பமான பாடம் வேண்டாம். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஜி கார்டு நான்கு அடி, சி கார்டு நான்கு அடி. பிறகு மெட்ரோனோமை நிறுத்திவிட்டு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுத்தமாக மாற்ற முடிகிறது என்று எண்ணுங்கள். எண் தினமும் ஏறும். இன்பம் ஏறாத நாளிலும் எண் ஏறும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

#8 | கறுப்புக்குதிரை

தம்பி சொல்வது கிடாருக்குச் சரி. எல்லாப் பழைய பொழுதுபோக்கையும் மீட்க வேண்டியதில்லை என்பது என் வாதம். சிலவற்றை மூட்டை கட்டி வைப்பதுதான் நல்லது.

ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: சரக்கு இல்லை என்று முன்பே தெரிந்திருந்தால் அங்கே போயிருப்பீர்களா? ஆம் என்றால் குடி அந்தப் பொழுதுபோக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். இல்லை என்றால் அந்தப் பொழுதுபோக்கே குடிப்பதற்கான சாக்கு. சனிக்கிழமைச் சீட்டாட்டமும் கரையில் உட்கார்ந்து மீன் பிடிப்பதும் பலருக்கு இரண்டாவது வகை. தூண்டில் தக்கை மூழ்காமல் இரண்டு மணி நேரம் போகும்போது கை வேறென்ன தேடும்?

சதுரங்கம் முதல் வகை. ஆனால் அதிலும் பொறி இருக்கிறது. இணையத்தில் 3 நிமிட ஆட்டம் ஆடாதீர்கள். தோற்றால் உடனே இன்னொன்று, ஜெயித்தாலும் இன்னொன்று, மணி ஒன்றாகிவிடும். அதுவும் ஒரு போதைதான், வாசனை மட்டும் வராது. ஆளுக்கு 15 நிமிடம், நகர்வுக்கு 10 விநாடி கூடுதல் என்று வையுங்கள். 40 நகர்வு ஆட்டம் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். ஒரே ஆட்டம். அதன்பின் கணினி உதவி இல்லாமல் எங்கே தவறினோம் என்று 10 நிமிடம் தாளில் பாருங்கள். கவனம் நிற்காத முதல் வாரங்களில் முழு ஆட்டமே வேண்டாம்; இரண்டே நகர்வில் மேட் வைக்கும் புதிர்கள் ஐந்து போதும்.

#9 | நாட்குறிப்பு

மூட்டை கட்டுவதற்கும் மீட்பதற்கும் நடுவில் ஒரு வழி உண்டு அண்ணே. இடம், நேரம், ஆட்கள், மூன்றில் இரண்டை மாற்றுவது. அதே சீட்டாட்டம், வேறு வீடு, காலை 10 மணி. அதே மீன்பிடிப்பு, விடியற்காலை, குடிக்காத ஒருவரோடு. ஒன்றை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதாது. பழைய ஆட்களும் பழைய இடமும் சேர்ந்தால் மணி மாறியும் கையில் டம்ளர் வந்துவிடும்.

#10 | மரத்தூள்

மரவேலைக்கு வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குடியை நிறுத்த டைசல்ஃபிரம் மாத்திரை எடுப்பவர்கள் ஸ்பிரிட் பாலிஷ் பக்கம் போகக் கூடாது. அரக்கைக் கரைக்கும் ஸ்பிரிட் ஆல்கஹால்தான். மூடிய அறையில் அதன் ஆவியை இழுத்தாலோ கையில் நிறையப் பட்டாலோ அந்த மாத்திரையோடு மோதி முகச் சிவப்பு, படபடப்பு, வாந்தி வரலாம். மாத்திரை எடுக்காதவருக்கும் அந்த வாசனையே பழைய நினைப்பைக் கிளறும். நீரில் கரையும் பூச்சு வாங்குங்கள், இல்லையென்றால் ஆளிவிதை எண்ணெய்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணியில் சூடு வெளியேற முடியாமல் தானாகத் தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடி போட்ட தகரத்தில் வையுங்கள்.

எதில் ஆரம்பிப்பது என்றால், தேய்ப்பதில். நடுங்கும் கைக்கு உளி வேண்டாம், மின்கருவி வேண்டவே வேண்டாம். பழைய ஸ்டூல் ஒன்றை எடுத்து 120, 180, 240 என்று வரிசையாக உப்புத்தாள் போடுங்கள். மர ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் எண்ணெய் பூசியதும் பல்லிளிக்கும். 120-லிருந்து நேராக 240-க்குத் தாவாதீர்கள், முந்தைய கீறலை அது எடுக்காது. 180 முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, காய்ந்தபின் எழும் நார்களை 240-ஆல் எடுங்கள். ஒரு மாலைக்கு ஒரு கால் மட்டும். ஸ்டூலுக்கு நான்கு கால், ஒரு பலகை, வாரம் ஓடிவிடும். தூசுக்கு முகக்கவசம் போடுங்கள்.

#11 | வார்டுசெவிலி

மரத்தூள் சொன்னது முக்கியம். டைசல்ஃபிரமின் தாக்கம் கடைசி மாத்திரைக்குப் பிறகும் 14 நாள் வரை நீடிக்கலாம். வாய் கொப்பளிக்கும் திரவம், சில இருமல் மருந்துகள், சவரத்துக்குப் பின் பூசுவது, கை சுத்திகரிப்பான், எல்லாவற்றிலும் லேபிளைப் படியுங்கள். கேக் செய்வதைப் பொழுதுபோக்காக எடுப்பவர்கள் அசல் வெனிலா சாற்றைக் கவனிக்கவும். அதில் சுமார் 35 சதவீதம் ஆல்கஹால். வீட்டில் பானங்களை நொதிக்கவைக்கும் பொழுதுபோக்கும் நமக்கு வேண்டாம்.

#12 | விடியல்நடை

மாலை மாலை என்று எல்லோரும் சொல்கிறீர்கள். நான் எதிர்முனையிலிருந்து வருகிறேன். காலை 5:30-க்கு ஓரிடத்தில் நின்றாக வேண்டும் என்றால் இரவு 9:30-க்குப் படுக்க வேண்டும். அந்த மாலையில் ஆபத்தான மணி நேரம் அங்கேயே சுருங்கிவிடும்.

பறவை பார்ப்பது இதற்குச் சரியான பொழுதுபோக்கு. இருநோக்கி (பைனாகுலர்) வாங்கினால் 8x42. 8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ., மங்கிய விடியலிலும் வெளிச்சம் போதும். கடைக்காரர் 10 மடங்கு காட்டுவார், வாங்காதீர்கள். பறவையைப் பெரிதாக்கும் அளவுக்குக் கைநடுக்கத்தையும் பெரிதாக்கும். முதலில் கண்ணாலேயே பறவையைப் பிடித்து, பார்வையை அகற்றாமல் இருநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இருநோக்கிக்குள் தேடினால் கிடைக்காது.

ஓட விரும்புகிறவர்களுக்கு 1996-இல் ஜாஷ் கிளார்க் உருவாக்கிய 9 வாரத் திட்டம் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. வாரம் 3 நாள். முதல் வாரம்: 5 நிமிட வேக நடை, பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். எளிதாக இருக்கிறதே என்று இரண்டாம் வாரத்தைத் தாண்டிக் குதிப்பவர்களுக்குக் கெண்டைக்காலும் முழங்காலும் பதில் சொல்லும். மூச்சு சீக்கிரம் பழகும், தசைநாண் மெதுவாகத்தான் பழகும்.

நெடுநாள் குடித்தவர்களின் பாத நரம்பு மரத்திருக்கலாம். ஷூவில் கல் இருப்பதுகூடத் தெரியாது. நடந்து முடித்ததும் உள்ளங்கால், விரலிடுக்கு இரண்டையும் கண்ணால் பாருங்கள். எரிச்சலோ மரப்போ இருந்தால் ஓட்டத்துக்குமுன் மருத்துவரைப் பாருங்கள்.

#13 | சும்மாஇருப்பவன்

தனியாகச் செய்வதெல்லாம் சரி. மேட்ச் பார்ப்பது, பார்ட்டிக்குப் போவது? அங்கே போனால்தானே "ஒரே ஒரு பெக்" என்று கையில் திணிக்கிறார்கள்.

#14 | நாட்குறிப்பு

பார்ட்டிக்கு: வயிறு காலியாகப் போகாதீர்கள். போனதும் முதல் 5 நிமிடத்தில் சோடாவோ ஜூஸோ நீங்களே ஊற்றிக் கையில் பிடியுங்கள். வெறுங்கையைப் பார்த்துத்தான் ஊற்றுவார்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தால் திரும்பி வந்து அதையே எடுக்காதீர்கள், புதிதாக ஊற்றுங்கள். மறுப்பு ஒரே வரி: "நான் இப்போ குடிக்கிறதில்லை." காரணம் சொன்னால் காரணத்துக்கு எதிர்வாதம் வரும். மாத்திரை சாப்பிடுகிறேன் என்று பொய் சொன்னால் அடுத்த மாதம் மாத்திரை முடிந்ததா என்பார்கள். கிளம்பும் மணியை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். திரும்ப வண்டி உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கட்டும். இரண்டாம் சுற்று ஊற்றும்போது பேச்சு அரைத்த மாவையே அரைக்கத் தொடங்கும். அதுதான் கிளம்ப நேரம், நஷ்டம் ஒன்றுமில்லை.

மேட்ச்சுக்கு: குடித்துக்கொண்டு பார்த்த அதே சோபாவில் உட்காராதீர்கள். நாற்காலியை அறையின் வேறு மூலைக்கு மாற்றுங்கள். ஸ்கோரைக் கையால் எழுதுங்கள். பந்துக்குப் பந்து எழுதினால் கைக்கும் வேலை, ஆட்டமும் புரியும். இடைவேளைதான் கண்டம். அதற்கென்று ஒரு வேலை வையுங்கள், பாத்திரம் கழுவுவதானாலும் சரி.

ஆல்கஹால் இல்லாத பீர் பற்றி யாராவது கேட்பீர்கள். பல நாடுகளில் அந்தப் பெயரில் விற்பதில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம். அளவைவிட, அதே கேன், அதே நுரை, அதே கசப்பு என்பதுதான் பிரச்சினை. முதல் சில மாதங்களுக்கு வேண்டாம் என்பேன். டைசல்ஃபிரம் எடுப்பவர் தொடவே கூடாது.

#15 | ஆறாம்தந்தி

நடுவில் ஆசை கிளம்பினால்? வாசித்துக்கொண்டிருக்கும்போதே வரும்.

#16 | பதினாறாம்பக்கம்

வரும், ஏறும், இறங்கும். ஊட்டாமல் விட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும். உளவியலாளர் ஆலன் மார்லட் இதை அலைமேல் மிதப்பது என்று கற்றுக்கொடுத்தார். அடக்கப் பார்க்காமல், உடம்பில் எங்கே இருக்கிறது என்று கவனிப்பது: தொண்டையிலா, வயிற்றிலா, கையிலா? 0 முதல் 10-இல் எவ்வளவு? இரண்டு நிமிடம் கழித்து எவ்வளவு? கிடாரைக் கீழே வைக்காதீர்கள். பாடத்தை மட்டும் எளிதாக்குங்கள், ஒரே கார்டைத் தட்டிக்கொண்டிருந்தாலும் போதும். எழுந்து சமையலறைப் பக்கம் போனால் அலமாரி வரை போவீர்கள்.

அதற்குமுன் பசி, கோபம், தனிமை, களைப்பு நான்கையும் சரிபாருங்கள். மாலை 6 மணி ஆசையில் நல்ல பங்கு வெறும் பசிதான். 5:30-க்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். இனிப்பு மேல் திடீர் ஆசை வருவதும் சகஜம். முதல் சில வாரம் அதோடு சண்டை போட வேண்டாம். சர்க்கரை நோய் இருப்பவர் மட்டும் மருத்துவரைக் கேளுங்கள்.

#17 | கறுப்புக்குதிரை

யாரும் தொடாத விஷயம்: சாமான் வாங்குவதே பொழுதுபோக்காக மாறுவது. சரக்குக்குப் போன பணம் கையில் இருக்கிறது, இரவு 9 மணி, கையில் போன். கிடார் பெடல், மூன்றாவது சதுரங்கப் பலகை, ரம்பம். பார்சல் வரும்வரை குஷி, பிரித்ததும் சப். எளிய விதி: இருக்கும் சாமானில் பத்து முறை உட்கார்ந்தபின்தான் அடுத்தது வாங்கலாம், அதுவும் காலையில். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியும் பந்தயமும் பொழுதுபோக்குப் பட்டியலிலேயே வேண்டாம். ஒரு குழியிலிருந்து ஏறி இன்னொன்றில் இறங்குவதுதான் அது.

#18 | மரத்தூள்

நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டால் தாளையும் உப்புத்தாளையும் சேர்த்தே தூக்கிப் போடுகிறார்களே, அதற்கு என்ன?

#19 | பதினாறாம்பக்கம்

"ஒருமுறை ஆகிவிட்டது, இனி எல்லாம் போச்சு" என்ற நினைப்புத்தான் ஒரு கிளாஸை ஒரு வாரமாக்குகிறது. மார்லட் அதிகம் எழுதியது இதைப் பற்றித்தான். மறுநாள் அதே மணிக்கு அதே வேலை, ஆனால் 5 நிமிடம் மட்டும். தாளில் "குடித்தேன்" என்று ஒரு வரி. பக்கத்தில் எத்தனை மணி, யாரோடு, அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் என்ன நடந்தது. வசைபாடல் எழுத வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் மாற்ற வேண்டியது இருக்கும்.

#20 | வார்டுசெவிலி

ஒரு நாள் என்றால் அது சரி. பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் மறுபடி திடீரென்று நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் நடுக்கமும் வலிப்பு அபாயமும் முன்பைவிடக் கடுமையாகலாம்.

தனிமடலில் ஒருவர் கேட்டதற்கும் இங்கேயே பதில்: இரண்டு மாதம் ஆகியும் எதுவும் ருசிக்கவில்லை என்றால்? குடியோடு வந்த மனச்சோர்வு பலருக்கு நிறுத்திய 2 முதல் 4 வாரத்தில் தானாகக் குறையும். அதைத் தாண்டியும் நின்றால் தனியாகச் சிகிச்சை தேவைப்படும் சோர்வாக இருக்கலாம். அந்த அரைத்தாளை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். "டல்லா இருக்கு" என்பதைவிட ஆறு வார மார்க் அவருக்கு அதிகம் சொல்லும். தைராய்டு, பி12, இரத்தச்சோகை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் மருந்து எடுப்பவர் அதையும் குறிப்பிடுங்கள்; நீங்களாக நிறுத்த வேண்டாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் முன்பதிவுத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே அவசரப் பிரிவுக்கு, கூட ஒருவரோடு.

#21 | சும்மாஇருப்பவன்

சரி, மார்க் போட்டுப் பார்க்கிறேன். மண்புழு, ஒரு சந்தேகம். முள்ளங்கித் தட்டில் மூன்றாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி வந்தால் கொட்டிவிட வேண்டியதுதானா?

#22 | மண்புழு

அவசரப்படாதீர்கள். முள்ளங்கி வேருக்கு மெல்லிய வேர்த்தூவிகள் உண்டு, பஞ்சு மாதிரியேதான் இருக்கும். லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தூவியானால் வேரோடு ஒட்டி மறைந்துவிடும். பூஞ்சையானால் மறையாது, விதைகளுக்கு நடுவே வலை மாதிரி படரும், ஊசிய வாடை வரும். அப்படியானால் கொட்டிவிட்டுத் தட்டை வெந்நீரில் கழுவிக் காயவையுங்கள். அடுத்த முறை விதையைக் கொஞ்சம் இடைவெளி விட்டுத் தூவி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.